உரிமம் எளிதாகிவிட்டது, பயிற்சி எங்கே?

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 29 மாநிலங்கள், கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பொது இடங்களில் நடமாட உரிமமே தேவையில்லை என்று சட்டம் செய்துவிட்டன. வெர்மான்ட் மாநிலத்தில் எப்போதுமே அப்படித்தான். அலாஸ்கா 2003-லும் அரிசோனா 2010-லும் அந்த வழிக்கு வந்தன. டெக்சாஸ் 2021-ல் உரிமக் கட்டாயத்தைக் கைவிட்டது, ஃபுளோரிடா 2023-ல், தென் கரோலினாவும் லூசியானாவும் 2024-ல். துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள வயதுவந்த ஒருவர், வாழ்நாளில் ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டுப் பார்க்காமல், அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்.

ஒரு காலத்தில் நிலைமை நேர் எதிராக இருந்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது கயவர்களின் பழக்கம் என்ற எண்ணம் 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் வலுவாக இருந்தது. கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே அதைத் தடைசெய்தன. நியூயார்க் 1911-ல் கொண்டுவந்த சல்லிவன் சட்டம் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. காற்று திசைமாறியது 1987-ல். தகுதியுள்ள எவர் கேட்டாலும் உரிமம் தந்தாக வேண்டும் என்று ஃபுளோரிடா அந்த ஆண்டு சட்டம் இயற்ற, பல மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. மறைத்து ஏந்துவதை முற்றிலும் தடைசெய்திருந்த கடைசி மாநிலமான இல்லினாய் 2013-ல், அதுவும் நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகு, வழிவிட்டது. 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில், தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்துவது அரசமைப்பு தரும் உரிமை என்று தீர்ப்பளித்தது.

உரிமை பற்றிய வழக்கு அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவரின் கைப்பழக்கம் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. உரிமம் வழங்கும் மாநிலங்கள் கேட்கும் தேர்வைப் பார்த்தால் அதன் எல்லை விளங்கும். இல்லினாயில் 16 மணி நேர வகுப்பு; பிறகு 5, 7, 10 கெஜ தூரங்களில் பத்துப் பத்தாக 30 தோட்டாக்கள்; 70 விழுக்காடு இலக்கில் பட்டால் தேர்ச்சி. டெக்சாஸில் உரிமம் இன்று விருப்பத்தைப் பொறுத்தது. விரும்பிக் கேட்பவர் 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 தோட்டாக்கள் சுட வேண்டும். புரூயன் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க் 16 மணி நேர வகுப்போடு 2 மணி நேரம் சுடுதளப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. இந்தத் தேர்வுகள் எல்லாம் அசையாத காகித உருவத்தின் முன்னால், நல்ல வெளிச்சத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க நடப்பவை. ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டுவதைப் போன்ற ஒரு தொடக்கம் இது. அதற்கு மேல் பொருள் கொள்ள முடியாது.

மறைத்து ஏந்தும் துப்பாக்கிகளின் வடிவமே பயிற்சியின் தேவையைக் கூட்டுகிறது. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1950-ல் கொண்டுவந்த ஐந்து தோட்டா குட்டை ரிவால்வர் நெடுங்காலம் இந்த வகையின் அடையாளமாக இருந்தது. 1980-களில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக கிளாக் வடிவமைத்த பிளாஸ்டிக் உடல் கொண்ட பிஸ்டல், சந்தையை அடியோடு மாற்றியது. 2018-ல் வந்த சிக் பி365, உள்ளங்கைக்குள் அடங்கும் உடலில் பத்துத் தோட்டாக்களைத் திணித்துக் காட்டியது. இத்தகைய சிறு துப்பாக்கிகள் எடுத்துச் செல்ல எளிதானவை, அதனாலேயே சுடக் கடினமானவை. குழல் குட்டை என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு; கையில் ஏற்படும் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். பிடி குட்டை என்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இல்லை. எடை குறைவு என்பதால் பின்னுதைப்பு கூர்மையாக மணிக்கட்டில் இறங்கும். முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு, கைக்கு அடக்கம் என்று சொல்லி மிகச் சிறியதைக் கையில் கொடுக்கும் விற்பனைப் பழக்கம் தவறானது. மிகச் சிறியது நன்றாகப் பழகியவர்களுக்கு உரியது.

இனி பராமரிப்பு. சுடுதளத்துக்கு மட்டும் போய்வரும் துப்பாக்கிக்கு எதிரி வெடிமருந்துக் கரி. நாள் முழுக்க இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கு எதிரிகள் வியர்வையும் நூல் பிசிறும். டெக்சாஸ், ஃபுளோரிடா கோடையில் வயிற்றோடு ஒட்டியிருக்கும் எஃகில் உப்பு படிகிறது. பூச்சு தேய்ந்த ஓரங்கள், குறிகள், திருகுகள் ஆகிய இடங்களில் முதல் துரு தென்படும். சட்டைப் பிசிறும் தூசியும் குழலின் வாய்க்குள்ளும், விசையின் இடுக்கிலும், பின்குறியின் பள்ளத்திலும் சேர்ந்து கெட்டியாகும். ஆகவே சுட்டாலும் சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை துடைப்பதும், மாதம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பதும் அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வழக்கம்.

பிரிப்பதற்கு முன் துப்பாக்கியைக் காலிசெய்யும் வரிசையில்தான் உயிர் இருக்கிறது. முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடங்கிய பெட்டியை, வெளியே எடுக்க வேண்டும். பிறகே நகரும் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலுக்குள் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். வரிசை மாறி, முதலில் ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும். ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். அதன் பிறகு மேகசினை எடுத்தவர், கையில் இருப்பது வெறும் துப்பாக்கி என்று நம்புவார். கிளாக் வகை பிஸ்டல்களைப் பிரிக்க வேண்டுமென்றால் விசையை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். இந்த இரண்டும் சேரும்போதுதான் சுத்தம் செய்கையில் வெடித்தது என்ற செய்தி பிறக்கிறது. எனவே ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அடுத்த அறைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகும் குழல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற கவனம் வேண்டும்.

பிரித்த பின் வேலை எளிது. குழலின் பின்பக்கத்திலிருந்து கரைப்பான் தோய்த்த பிரஷ்ஷைச் செலுத்த வேண்டும். ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற கரைப்பான் 1903 முதல் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிக்காரர் வீடுகளில் அதன் வாடை தலைமுறைகளுக்குப் பழகியது. சிறு துணித்துண்டுகள் அழுக்கின்றி வெளிவரும்வரை துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் ஓரிரு துளி எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் நல்லது என்று கூடுதலாக ஊற்றுவது பரவலான பிழை. உபரி எண்ணெய் பிசிறை ஈர்த்துக் களிம்பாக்கும். ஃபயரிங் பின் ஓடும் குழியில் போய்ச் சேர்ந்தால் அதன் வேகத்தைக் குறைக்கும். தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்தால் அது வெடிக்காமலே போகலாம்.

தேய்மானத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில், மேகசின். சுருள்வில்லை எத்தனை தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். குட்டைத் துப்பாக்கிகளில் அந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். பிஸ்டல் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் மேகசினே காரணம். அதன் விளிம்பு நெளிந்தாலோ, உள்ளே மண் புகுந்தாலோ தோட்டா சரியான கோணத்தில் மேலே வராது. மேகசின்களுக்கு எண்ணிட்டு வைத்தால் எது தொல்லை தருகிறது என்று உடனே தெரியும். சிவப்புப் புள்ளிக் குறிக்கருவி பொருத்தியவர்கள், அதன் பேட்டரியை ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் மாற்றிவிடுவது நல்லது.

தோட்டாவும் பராமரிப்புக்கு உட்பட்டதே. தினமும் இரவில் துப்பாக்கியைக் காலிசெய்து காலையில் நிரப்புகிறவர், பெரும்பாலும் அதே மேல் தோட்டாவையே திரும்பத் திரும்பக் குழலுக்குள் ஏற்றுகிறார். ஒவ்வொரு முறையும் அதன் முனை இடிபட்டு, குண்டு மெல்ல மெல்லப் பித்தளை உறைக்குள் இறங்குகிறது. உள்ளே இடம் சுருங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டாலே இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். குட்டையான தோட்டாவை ஒதுக்கிவிட வேண்டும்.

பயிற்சிக்கு மலிவான, முழுக்க உலோக உறையிட்ட தோட்டாவும், தற்காப்புக்குக் குழிமுனைத் தோட்டாவும் பயன்படுத்துவது வழக்கம். குழிமுனைத் தோட்டா உடலுக்குள் விரிந்து வேகமிழப்பதால் மறுபக்கம் ஊடுருவிப் பின்னால் இருப்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைவு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் பிரிட்டிஷார் செய்த விரியும் தோட்டாக்களின் கொடுமை காரணமாகவே 1899-ம் ஆண்டு ஹேக் பிரகடனம் இந்த வகையைப் போரில் தடைசெய்தது. போருக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது நகர வீதிக்கு ஏற்றதாகக் கருதப்படுவதன் காரணம், வீதியில் சுற்றிலும் நிற்கும் மக்கள்தான். இரண்டு வகைகளும் ஒரே துப்பாக்கியில் ஒரே மாதிரி இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இடுப்பில் வைத்திருக்கும் தோட்டாவைச் சொந்தத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தே நம்ப வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பழையதைச் சுடுதளத்தில் தீர்த்துவிட்டுப் புதியதை நிரப்புவது இந்தச் சோதனையையும் சேர்த்தே முடித்துவிடும்.

பயிற்சியில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் தோட்டா இல்லாமல் செய்வது. குறி தவறுவதற்கு முதற்காரணம் விசையை அழுத்தும் கணத்தில் துப்பாக்கி அசைவது. காலியான துப்பாக்கியின் முன்குறி மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை முழுதாக அழுத்தப் பழகுவது பழைய முறை. இன்றும் அதற்கு ஈடில்லை. அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. குறி பார்க்கும் சுவர், தவறி வெடித்தாலும் குண்டைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து தோட்டாவை நிரப்பிய பின், இன்னும் ஒரே ஒரு முறை என்று விசையைத் தொடுவதில்தான் வீட்டுச் சுவர்கள் துளைபடுகின்றன.

சுடுதளத்தில் உண்மைத் தோட்டாவோடு செய்யும் பயிற்சி வேறு வகை. ஓசையையும் உதைப்பையும் எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே சுருங்கும். குழல் கீழே சாயும். இதைச் சுடுகிறவரே உணர்வதில்லை. உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றிரண்டை இன்னொருவர் கலந்து மேகசினை நிரப்பித் தருவது இதற்கு மருந்து. போலி வந்ததும் வெடி கேட்காது. துப்பாக்கி மட்டும் கீழ்நோக்கி வெட்டி இழுக்கும். அந்த ஓர் அசைவு, பயிற்றுநர் பத்து முறை சொல்வதை ஒரே நொடியில் காட்டிவிடும். தோட்டா சிக்கினால் மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்து விடும் பழக்கத்தையும் இதே பயிற்சி தருகிறது. கைத்துப்பாக்கி ஓசை 150 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக்கவசமும், உள்ளரங்கக் காற்றில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் முடிந்ததும் கைகழுவுதலும் தவிர்க்க முடியாதவை.

மறைத்து ஏந்துகிறவருக்கே உரிய திறமை ஒன்று உண்டு: சட்டையை ஒரு கையால் விலக்கி, உறையிலிருந்து துப்பாக்கியை நேர்மேலே உருவி, இலக்கை நோக்கித் திருப்பும்வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பது. பொதுமக்களுக்கான பல சுடுதளங்கள், குறிப்பாக நகரத்து உள்ளரங்குகள், பாதுகாப்பு கருதி உறையிலிருந்து உருவிச் சுடுவதை அனுமதிப்பதில்லை. நெருக்கடியில் முதலில் தேவைப்படும் செயலே பழக இடம் கிடைக்காத செயலாக இருக்கிறது. 1996-ல் தொடங்கப்பட்ட ஐடிபிஏ என்ற போட்டி அமைப்பு இந்தக் குறையை ஓரளவு போக்குகிறது. அங்கே மேலாடைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, மறைவிடத்தின் பின் நின்று, சுடக் கூடாத உருவங்களை விலக்கிச் சுட வேண்டும். மற்றவர்கள் வீட்டிலேயே காலித் துப்பாக்கியோடு பழக வேண்டியதுதான். உருவுவதைவிடத் திரும்பச் செருகுவதில் ஆபத்து அதிகம். சட்டை நுனியோ, மேலங்கியின் இழுகயிறோ உறைக்குள் மாட்டிக்கொண்டால் அதுவே விசையை அழுத்திவிடும். அவசரமில்லாமல், கண்ணால் பார்த்துச் செருக வேண்டும். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையே உறை. வாய் தொய்ந்த பழைய தோலுறையைத் தூக்கிப் போட வேண்டும்.

இவ்வளவு பழகியும் நெருக்கடியில் என்ன நேர்கிறது என்பதற்குக் காவல் துறையின் பதிவுகளே சான்று. நியூயார்க் காவலர்கள் 1998 முதல் 2006 வரை ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டைகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், எதிராளி திருப்பிச் சுடும்போது காவலர்களின் தோட்டாக்களில் 18 விழுக்காடே இலக்கில் பட்டதாக 2008-ல் தெரிவித்தது. எதிராளி சுடாதபோதுகூட 30 விழுக்காடுதான். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால், கொலை செய்துவிட்டு நடந்துவந்த ஒருவரைச் சில அடி தூரத்தில் எதிர்கொண்ட இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டனர். அவர் இறந்தார். வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தனர். அந்தக் காயங்கள் எல்லாம் காவலர்களின் தோட்டாக்களாலும் சிதறல்களாலும் வந்தவை. சம்பளத்துக்கு, முறையாகத் தகுதித் தேர்வில் தேறிப் பணிபுரிகிறவர்களின் நிலை இது. ஒரே ஒருமுறை 30 தோட்டாக்கள் சுட்டவரிடமோ, ஒன்றுமே சுடாதவரிடமோ இதைவிட நல்ல விளைவை எதிர்பார்க்க முடியாது.

ஜெஃப் கூப்பர் 1976-ல் அரிசோனாவில் தொடங்கிய கன்சைட் பயிற்சிப் பள்ளி வழியாகப் பரவிய நான்கு விதிகள் இன்று எங்கும் கற்பிக்கப்படுகின்றன. எல்லாத் துப்பாக்கிகளும் எப்போதும் தோட்டா ஏற்றியவை. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பக் கூடாது. குறி இலக்கில் நிற்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான்காவது விதி மட்டும் கையோடு முடிவதில்லை; அது கண்ணையும் அறிவையும் சார்ந்தது. நல்ல பயிற்றுநர்கள் வகுப்பின் பெரும்பகுதியை எப்போது சுடக் கூடாது என்பதற்கு ஒதுக்குகிறார்கள். வாகன நிறுத்தத்தில் மூளும் வாய்ச்சண்டையிலிருந்து விலகிப் போகத் தெரிவதும் இந்தக் கல்வியின் ஒரு பாடம்.

துப்பாக்கி உடலில் இல்லாத நேரத்தைப் பற்றி உரிமச் சட்டங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. இழப்புகள் பல நேர்வது அந்த நேரத்தில்தான். 2014 டிசம்பர் 30 அன்று, இடாஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் உள்ள ஒரு பெரிய கடையில், உரிமம் பெற்ற ஓர் இளம் தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை அவருடைய இரண்டு வயது மகன் எடுத்தான். தாய் அங்கேயே இறந்தார். கைப்பையில் துப்பாக்கி வைத்தால் அந்தப் பை ஒரு கணமும் கையை விட்டு அகலக் கூடாது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2024-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் பயணிகளின் கைப்பைகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன; அவற்றில் சுமார் 94 விழுக்காடு தோட்டா ஏற்றியவை. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் மறதி. பையில் துப்பாக்கி இருப்பதையே மறந்தவர், அதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் பூட்டாத காரிலும் மறப்பார். இரவில் அதன் இடம் உரியவரின் விரல் பட்டால் மட்டும் திறக்கும் இரும்புப் பெட்டி. தலையணைக்கு அடியிலோ மேசை இழுப்பறையிலோ வைக்கக் கூடாது. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் நேர்ந்த 46,728 மரணங்களில் ஏறத்தாழ 27,300 தற்கொலைகள். அந்நியனுக்கு எதிராக வாங்கிய ஆயுதம் அந்த வீட்டின் மனக்கலங்கிய ஒருவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும் நாட்களில் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே நம்பகமானவரிடம் ஒப்படைப்பதையும் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே பயிற்சி வகுப்புகள் கற்பிக்க வேண்டும்.

பயிற்சியைக் கட்டாயமாக்குவது உரிமையைப் பறிப்பதாகும் என்ற வாதம் வலுவற்றது. தேசிய ரைஃபிள் சங்கமே 1871-ல், உள்நாட்டுப் போரில் தம் வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியாததைக் கண்டு வருந்திய வடபுல ராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கென்று தொடங்கியதுதான். புரூயன் தீர்ப்பும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பின்னணிச் சரிபார்ப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கேட்கும் உரிம முறைகளை அந்தத் தீர்ப்பு ஐயத்துக்கு உள்ளாக்கவில்லை. அளவுகடந்த கட்டணமும் நெடுங்காலத் தாமதமும் கூடாது என்றே எச்சரித்தது. கட்டணம் பற்றிய கவலை நியாயமானது. வாடகைக்கே திண்டாடும் பகுதிகளில்தான் தற்காப்பு அச்சமும் அதிகம். அங்கே பல நூறு டாலர் வகுப்பு என்பது ஏழைக்கு மட்டும் விழும் தடை. பயிற்சியைக் கட்டாயமாக்கும் மாநிலம், காவல் துறைச் சுடுதளங்களைக் குறித்த நாட்களில் இலவசமாகத் திறந்துவிட வேண்டும்.

புதுப்பித்தலும் பெயரளவில் நின்றுவிடக் கூடாது. டெக்சாஸில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுபடி சுட்டுக் காட்ட வேண்டியதில்லை. இல்லினாயில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூன்று மணி நேர வகுப்பு. ஓய்வுபெற்ற காவலர்கள் நாடு முழுவதும் துப்பாக்கியை மறைத்து ஏந்த வழிசெய்யும் 2004-ம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டமோ இதைவிடக் கண்டிப்பானது. கால் நூற்றாண்டு பணியில் இருந்தவரும், பணியிலிருக்கும் காவலர்களுக்குரிய சுடும் தேர்வில், கடந்த 12 மாதங்களுக்குள், தன் செலவில் தேறியிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அந்த ஆண்டுத் தேர்வையே, செலவை அரசு ஏற்று, உறையிலிருந்து உருவுவதையும் பாதுகாப்பாகக் காலிசெய்வதையும் சேர்த்து, துப்பாக்கியை மறைத்து ஏந்தும் ஒவ்வொருவருக்கும் 50 மாநிலங்களும் விதிக்க வேண்டும்.